நான் உரித்தெடுத்த வரி

தம்பி,

செவ்வாய்க்கிழமை மத்தியானம் நீ அனுப்பிய வீடியோவுக்கு நான் இன்னும் ஒரு வார்த்தைகூடப் பதில் போடவில்லை. "பாத்தீங்களாம்மா?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டாய். பார்த்தேன். தஞ்சோங் டாவாயிலிருந்து வந்த நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தபோது போன் சத்தம் கேட்டது. கையைத் துடைத்துவிட்டுத் திறந்தேன். நான் பிறந்து வளர்ந்த ரப்பர் தோட்டத்தின் எழுத்துப் பாறையைச் சுற்றி நீல டைல்ஸ் பதித்திருந்தது. அதன் மேல் வரியில் இருக்கும் ஒன்பது எழுத்துக்குள்ளும் தங்க நிறப் பெயிண்ட். அவற்றுக்கு மேலே செதுக்கியிருக்கும் கப்பலின் பாய்மரம், அடிக்கட்டை, கயிறு எல்லாவற்றிலும் தங்கம். பின்னால் உன் குரல்: "பாருங்கம்மா, எப்படிப் பளிச்சுனு தெரியுது! ஞாயித்துக்கெழம மேல கிளியர் கோட் அடிச்சிட்டா முடிஞ்சது. அப்புறம் மழை என்ன, வெயில் என்ன, ஒன்னும் பண்ண முடியாதுலா!" அன்று நான் அந்த நெத்திலியைச் சமைக்கவில்லை.

இந்தக் கடிதம் உனக்கு மட்டும் இல்லை. சனிக்கிழமை மாலை, பாறைக்குப் பக்கத்துக் கோயிலின் கமிட்டி கூடும்போது இதை நீ உரக்கப் படிக்க வேண்டும். நான் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பேன். பாதியில் படிக்க முடியாவிட்டால் என்னிடம் கொடு, மீதியை நான் படிக்கிறேன். முப்பது வருடத்துக்கு மேல் தமிழ்ப்பள்ளியில் பிள்ளைகளுக்கு உரக்கப் படித்துக் காட்டியவள்தான். ஆனால் உன் வாயால் படித்தால்தான் அவர்கள் கேட்பார்கள். அந்தப் பாறைக்கு டைல்ஸ் பதிக்கலாம், கூரை போடலாம், அம்மாவின் பெயரைப் பொறிக்கலாம் என்று கூட்டத்தில் எழுந்து சொன்னவன் நீதானே.

நேற்று நான் நேரில் போய்ப் பார்த்தேன். உன்னிடம் சொல்லவில்லை. செல்வி சின்னம்மா காரில் கூட்டிக்கொண்டு போனாள். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள், தோட்டத்து லய வீட்டு வரிசையில் மூன்று வீடு தள்ளி இருந்தவள், சுங்கைப் பட்டாணி டவுனில் இன்றும் என்னை 'டி' போட்டுக் கூப்பிடும் ஒரே ஆள். பாறையைப் பார்த்ததும் அவள் சொன்னது: "என்னடி இது, கல்லுக்குக் கல்யாணமா? உன் மகன் நகையெல்லாம் போட்டு வச்சிருக்கான்." அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் பார்த்ததை எல்லாம் எழுதுகிறேன். நீ தினமும் போவதால் உன் கண்ணுக்குப் பழகிவிட்டிருக்கும். பாறையின் நெற்றியில் அபிஷேகமாக ஊற்றிய பால் வழிந்து, கப்பலின் அடியில் தேங்கி, மஞ்சளாய்ப் புளித்திருந்தது. அதில் ஈ. எண்ணெய் விட்டு விட்டுக் கருத்துப்போன இடத்தில் தூசி ஒட்டி, தொட்டால் பிசினாக விரலோடு வந்தது. இடப்பக்கம் யாரோ இரண்டு பேர் தங்கள் பெயரை ஆணியால் கீறி, நடுவில் இதயம் போட்டிருந்தார்கள். டைல்ஸ் பதித்தவர் சிமெண்டைப் பாறையின் காலோடு ஒட்டிப் பூசியிருக்கிறார். இனி மழைத் தண்ணீர் ஓடைக்குப் போக வழியில்லை, பாறையின் காலடியிலேயே நிற்கிறது. பாசி நாற்றம் எனக்குப் பிடிக்கும், அது காட்டின் நாற்றம். இது பொதுக் கழிப்பறை நாற்றம்.

தொழிற்சாலைச் சட்டை போட்ட ஒருவர் குந்தி உட்கார்ந்து, முகத்துக்குப் போடும் பவுடரை உள்ளங்கையில் கொட்டி எழுத்துகளின் மேல் பரபரவென்று தேய்த்துக்கொண்டிருந்தார். செல்வி கேட்டாள்: "அண்ணே, என்ன பண்றீங்க?"

"லாட்டரிக்கு நம்பர் பாக்குறேன்க்கா. போன வாரம் ஒருத்தருக்கு இங்கதான் நாலு நம்பரும் நேரா விழுந்துச்சாம். இங்க பாருங்க, கப்பலுக்குக் கீழ எட்டு மாதிரி தெரியுதுல்ல?"

"அது எட்டு இல்லண்ணே, உங்க தலையெழுத்து. கைய எடுங்க."

"ஏன்க்கா கோவப்படுறீங்க? பவுடர்தானே, கழுவுனா போயிடும்லா."

கழுவினால் போய்விடும். அவர் சொன்னது சரி. கழுவினால் எல்லாமே போய்விடும்.

அதற்குள் உங்கள் கமிட்டித் தலைவர் மோட்டார் சைக்கிளில் வந்துவிட்டார். "அக்கா! சொல்லாம கொள்ளாம வந்துட்டீங்களே! வாங்க, உங்க பேர் போட்ட கல்லு வந்துடுச்சு, பாருங்க." கொட்டகைக்குள் கூட்டிப்போய், மேலே சுற்றியிருந்த அட்டையைப் பிரித்தார். பளபளக்கும் கறுப்புக் கல். "எழுத்துப் பாறையைக் கண்டெடுத்து, சுத்தம் செய்து, உலகுக்குக் காட்டிய ஆசிரியை" என்று போட்டு, கீழே என் முழுப் பெயர். "மெஷின்ல வெட்டுன எழுத்துக்கா. ஆயிரம் வருசம் நிக்கும்," என்றார். அந்த 'சுத்தம் செய்து' என்ற இரண்டு சொல்லைப் படித்தபோது, செல்வி என் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள். ஏன் அழுத்தினாள் என்று உனக்குத் தெரியாது. தலைவருக்கும் தெரியாது. உலகத்தில் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும்.

திரும்பும்போது பாறையின் ஓரத்தில், எழுத்தைத் தாண்டி வழிந்திருந்த தங்கப் பெயிண்டை ஒரே ஒரு விரலால் தொட்டேன். நகத்தளவு செதில் ஒன்று கையோடு வந்துவிட்டது. ஒரு பக்கம் தங்கம். மறுபக்கம் மணல். அதைக் கைக்குட்டையில் முடிந்து வைத்திருக்கிறேன்.

இப்போது உண்மை. நீ பிறந்ததிலிருந்து கேட்ட கதை என்ன? அம்மா ஆறாம் வகுப்புப் படிக்கும்போது ஓடைக்கரையில் பாசி மூடிய பாறையில் எழுத்து இருப்பதைக் கண்டுபிடித்தாள், பாசியை நீக்கினாள், வாத்தியாரைக் கூட்டி வந்தாள், பேப்பரில் படம் வந்தது. இதில் எதுவும் பொய் இல்லை. விட்டுப்போனதுதான் பொய்.

அந்தப் பாறையில் இரண்டு வரி இருந்தது, தம்பி. மேலே ஒன்பது எழுத்து, கீழே ஏழு எழுத்து.

நான் அப்போது புத்தகப் பைத்தியம். பள்ளி நூலகத்தில் அலமாரி ஒன்றுதான். இரண்டு சுற்று படித்து முடித்துவிட்டேன். அதில் ஒரு புத்தகத்தில், அறிஞர்கள் கல்லெழுத்தின் மேல் ஈரத்தாளை ஒட்டி, மை தடவி, படி எடுப்பார்கள் என்று போட்டிருந்தது. நானும் படி எடுக்க ஆசைப்பட்டேன். நல்ல தாள் இல்லை, மை இல்லை. தோட்டத்தில் எங்களிடம் இருந்ததெல்லாம் ரப்பர் பால். பால் உறைந்தால் அதைப் பிடிக்கும் மங்குக் கோப்பையின் உட்புறத்தை அப்படியே அச்செடுத்துக்கொண்டு வரும், கோப்பையில் இருக்கும் கீறல்கூட அதில் விழும். ஒட்டுப்பால் உரித்த எந்தத் தோட்டத்துப் பிள்ளைக்கும் அது தெரியும். காகிதத்தைவிட இது மேல் என்று எனக்குத் தோன்றியது. புத்தகத்தில் இல்லாததை நானே யோசித்துவிட்டேன் என்று அவ்வளவு பெருமை.

பள்ளி விடுமுறை. முதல் நாள், பாலை உறைய வைக்கும் ஆசிட்டை ஒரு காலி சோயா கிச்சாப் போத்தலில் திருடிக்கொண்டு போய்ப் பாறையில் தெளித்தேன். பாசி வெளுத்தது. தேங்காய் மட்டையால் செல்வியும் நானும் தேய் தேய் என்று தேய்த்தோம். பாசியை நான் அழுக்கு என்று நினைத்தேன். அந்தப் பாறை கருங்கல் இல்லை, மணல் இறுகிக் கல்லானது; அதன் தளர்ந்த தோலைப் பாசிதான் பிடித்து வைத்திருந்தது என்று எனக்கு யார் சொல்வது? எழுத்துகள் தெரிந்ததும் எனக்குப் புரியாத அந்தப் பழைய எழுத்து பதினாறையும் பயிற்சிப் புத்தகத்தில் வரைந்துகொண்டேன். மறுநாள், பால் எடுத்துப் போன பிறகு மங்குகளில் சொட்டியிருந்ததைச் சேர்த்தோம். அரை வாளிகூட இல்லை, கீழ் வரிக்கு மட்டும்தான் போதும். பூசினோம், காய விட்டோம், மேலே மறுபடி பூசினோம். மூன்றாம் நாள் மத்தியானம் ஒரு ஓரத்தை நகத்தால் கிளப்பி இழுத்தேன்.

கோழியின் தோலை உரிக்கும்போது ஒரு சத்தம் வருமே, அந்தச் சத்தம். ஷீட் முழுசாக வந்தது. திருப்பிப் பார்த்தேன். ஏழு எழுத்தும் இடம் வலம் மாறிப் புடைத்துக்கொண்டு நின்றன. "செல்வி, பளிச்சுனு தெரியுதுடி!" என்று கத்தினேன். செல்வி ஷீட்டைப் பார்க்கவில்லை. பாறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கீழ் வரி இருந்த இடத்தில், விழுந்து சிராய்த்த முட்டியைப் போலப் பச்சைப் புண்ணாய் ஒரு பட்டை. எழுத்து இல்லை. கல்லின் தோல் முழுவதும் என் கையில் இருந்த ரப்பரில் மணலாக ஒட்டியிருந்தது. செல்வி ஓடைப்பக்கம் திரும்பி வாந்தி எடுத்தாள். வெயிலாக இருக்கலாம், ஆசிட் வாடையாக இருக்கலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? அவள் முதுகைக்கூடத் தடவிக் கொடுக்கவில்லை. ஓடைச் சேற்றையும், நாங்கள் தேய்த்து எறிந்த பாசியையும் அள்ளி வந்து அந்தப் புண்ணின் மேல் அப்பினேன். பிறகு சொன்னேன்: "ஒரு வரிதான் இருந்துச்சு. சரியா? ஒரு வரிதான்."

பள்ளி திறந்ததும் வாத்தியார் கேமராவோடு வந்தார். ஒரு வரியைப் படம் எடுத்தார். "கெட்டிக்காரி" என்று எல்லார் முன்னாலும் தலையைத் தொட்டுச் சொன்னார். அன்று மாலை பயிற்சிப் புத்தகத்திலிருந்து அந்தப் பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போட்டேன். மழை எத்தனையோ நூறு ஆண்டு முயன்று எடுக்க முடியாததை நான் மூன்று நாளில் எடுத்தேன்; எடுத்ததற்கான சாட்சியை ஒரு நொடியில் எரித்தேன். அந்தச் சிறுமியை நினைத்தால் எனக்குப் பரிதாபம் வர வேண்டும் என்று செல்வி சொல்கிறாள். வரவில்லை. அருவருப்புத்தான் வருகிறது. உரித்தது தெரியாமல் செய்தது. சேற்றை அப்பியது தெரிந்து செய்தது.

அந்த ஷீட்டை எறிய எனக்குத் துணிவு வரவில்லை. பாய்க்கு அடியில் வைத்தேன். புகை போடாத ரப்பர் எப்படி நாறும் என்று உனக்குத் தெரியாது. அழுகிய இறைச்சியும் புளித்த பாலும் சேர்ந்த நாற்றம். அதன் மேல்தான் ஒரு வாரம் தூங்கினேன். எங்கள் அப்பா ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் கொட்டகையில் வேலை செய்தார். மோப்பம் பிடித்து எடுத்துவிட்டார். "என்னம்மா இது, நாத்தம் புடிச்சத பாய்க்கு அடியில வச்சிருக்க?" அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், கொண்டு போய்விட்டார். எறிந்திருப்பார் என்று நிம்மதியாக இருந்தேன். சில நாள் கழித்து, பழுப்பாய்க் காய்ந்து, புகை மணத்தோடு திரும்பி வந்தது. "என்னமோ எழுதியிருக்கு. தூக்கிப் போட மனசு வரல," என்றார். கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு வைத்தவர் அவர். படிக்கத் தெரிந்த நான் எரித்தேன். படிக்கத் தெரியாதவர் காப்பாற்றினார். பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். என் அலமாரியின் அடித்தட்டில், நீ "என்னம்மா இருக்கு இதுல?" என்று கேட்கும்போதெல்லாம் "பழைய ரசீது" என்று சொல்வேனே, அந்த டப்பாதான். ஒரு ஓரம் பிசுபிசுக்கத் தொடங்கிவிட்டது. மற்றபடி ஏழு எழுத்தும் இருக்கின்றன, மணலோடு.

நீ நான்காம் வகுப்பில் பேச்சுப் போட்டிக்கு 'என் அம்மாவும் எழுத்துப் பாறையும்' என்று பேசினாய், நினைவிருக்கிறதா? "என் அம்மா அழுக்கை நீக்கினார், அறிவை மீட்டார்" என்ற இடத்தில் கையை உயர்த்துவாய். ஒரு மாதம் என் முன்னால் நின்று பயிற்சி செய்தாய். உன் ழகரத்தைத் திருத்தினேன். எங்கே மூச்சு விட வேண்டும் என்று திருத்தினேன். பொய்யைத் திருத்தவில்லை. கோப்பையோடு நீ வீட்டுக்கு வந்து அதை என் மடியில் வைத்தபோது, அந்தப் பாயின் நாற்றம் எனக்கு அடித்தது. உன் உச்சந்தலையில் முத்தம் கொடுத்தேன். சொல்லியிருக்க வேண்டிய நாள் அது. சொல்லியிருந்தால் இன்று உன் கையில் தங்கப் பெயிண்ட் இருந்திருக்காது.

இன்னொன்றும் என் தப்புதான். உன்னை நான் தேய்த்துத் தேய்த்தே வளர்த்தேன். முழங்கை சிவக்கத் தேய்ப்பேன். காலில் போடும் சப்பாத்து வெள்ளையாக இல்லாவிட்டால் பள்ளிக்கு விட மாட்டேன். 'எஸ்டேட் பிள்ளைங்க அழுக்கு' என்று டவுனில் யாரோ என்னிடம் சொன்னதற்கு உன் தோல் பதில் சொல்ல வேண்டியிருந்தது. ஒன்றை மதிப்பது என்றால் அதைப் பளபளப்பாக்குவது என்று நீ என்னிடம்தான் கற்றாய். நம் ஆட்கள் எல்லாருக்கும் இந்த நோய் இருக்கிறது. பழையதாகத் தெரிந்தால் யாரோ நம்மைக் கேவலமாகப் பார்ப்பார்கள் என்று பயந்து, அதற்குப் பெயிண்ட் அடிக்கிறோம். புதன்கிழமை நீ அனுப்பிய குரல் பதிவில் என்ன சொன்னாய்? "அழுக்கா கெடந்துச்சும்மா, பாக்கவே கேவலமா இருந்துச்சு." அது என் குரல்.

நீ கார் பெயிண்ட் பட்டறை வைத்திருப்பவன். உனக்கு உன் தொழிலிலேயே சொல்கிறேன். துருவின் மேல் பெயிண்ட் அடித்து ஏமாற்றி விற்ற காரை ஒரு நாள் எனக்குக் காட்டினாய். கொப்புளம் கொப்புளமாய் எழும்பியிருந்தது. விரலால் ஒன்றை உடைத்து, "உள்ள ஈரம் இருந்தா இப்படித்தான்மா, தள்ளிட்டு வெளிய வரும்," என்றாய். அந்தப் பாறைக்கு உள்ளே எப்போதும் ஈரம்தான். ஓடைக்கரை மண்ணில் உட்கார்ந்து கீழிருந்து தண்ணீரை உறிஞ்சுகிறது, முகத்தின் வழியே வெயிலில் விடுகிறது. நீ கிளியர் கோட் அடித்து முகத்தை மூடினால் அந்தத் தண்ணீர் எங்கே போகும்? மேல் வரியையும் கப்பலையும் தள்ளிக்கொண்டு வெளியே வரும். நான் கீழ் வரியை உரித்தேன். மேல் வரியை நீ உரிப்பாய். எனக்கு மூன்று நாள் ஆனது. உனக்கு இரண்டு மழைக்காலம் ஆகலாம். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை ஸ்ப்ரே கன்னை எடுக்காதே. இதைப் படித்துவிட்டு ரோஷத்தில் தின்னர் டப்பாவோடு ஓடி, தங்கத்தைத் துடைக்கவும் தொடங்காதே. உன்னை எனக்குத் தெரியும், தப்பு என்று தெரிந்தால் அன்றைக்கே சுத்தம் செய்யப் பார்ப்பாய். வேண்டாம். நேற்றைய செதிலை நினைத்துக்கொள். அருங்காட்சியகத்தில் இந்த வேலை தெரிந்த ஒரு பெண்மணியிடம் போனில் பேசினேன். நான் தட்டுத்தடுமாறி மலாயில் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை அவர் குறுக்கே பேசவில்லை. என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆசிரியை என்று மலாயில் என்னை அழைத்து அவர் கேட்டது ஒன்றுதான்: "அந்த ரப்பர் ஷீட் இன்னும் இருக்கிறதா, சிக்கு?" இருக்கிறது என்றேன். அதன் பிறகு அவர் குரலே மாறிவிட்டது. யாரும் பாறையைத் தொடக்கூடாது, ஷீட்டை விரிக்கவோ கழுவவோ கூடாது, திங்கட்கிழமை காலை நேரில் வருகிறேன் என்றார். பால் ஊற்றுவதையும் பவுடர் தேய்ப்பதையும் அதுவரைக்குமாவது கமிட்டி நிறுத்தட்டும். சாமிக்குப் பக்கத்திலேயே தனிச் சந்நிதி இருக்கிறது, அங்கே ஊற்றட்டும். திங்கட்கிழமை நீ பட்டறையை மூடிவிட்டு வந்து என்னைக் கூட்டிப்போ. டப்பாவை நான் மடியில் வைத்துக்கொள்கிறேன். செல்வியும் வருகிறாள். கீழ் வரி எந்த இடத்தில் தொடங்கியது என்று காட்ட எங்கள் இரண்டு பேரை விட்டால் ஆள் இல்லை. நேற்று காரில் அவள் சொன்னாள்: "நீ ஒரு வரின்னு சொல்லச் சொன்ன, சொன்னேன். இத்தன வருசமா என் வாயில அந்த ரப்பர் நாத்தம் இருக்குடி. நீ எப்பத் துப்ப விடுவேன்னு காத்துக்கிட்டிருக்கேன்." திங்கட்கிழமை துப்பட்டும்.

கடைசியாக அந்தக் கறுப்புக் கல். திருப்பி அனுப்ப வேண்டாம், உடைக்கவும் வேண்டாம். பாறைக்கு முன்னால், கை நீட்டினாலும் எட்டாத தூரத்தில், மண்ணோடு மண்ணாகப் பதித்துவிடு. பார்க்க வருகிறவர்கள் அதன் மேல் நின்று பார்க்கட்டும். குப்புறப் போடாதே, பெயர் மேலே இருக்கட்டும். "எழுத்த மிதிக்கக் கூடாதும்மா" என்று நீ சொல்வாய். காலில் புத்தகம் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள உனக்குப் பழக்கியதும் நான்தான். இந்த எழுத்தை மிதிக்கலாம், தம்பி. முதல் காலை நீ வை. அங்கே நின்று, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, அந்தக் கப்பலைப் பார்.

அம்மா